72 மில்லிமீட்டர்: மாருதி 800 எஞ்சினின் பங்காளிகள்

கடலூர் செம்மண்டலம் பக்கம் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறையில் ஒருநாள் இரண்டு எஞ்சின்கள் பிரித்துக் கிடந்தன. ஒன்று, முதுநகரிலிருந்து மீன் கூடை ஏற்றி ஏற்றித் தரை துருப்பிடித்த ஒரு மாருதி ஆம்னி வேனுடையது. அந்த எஞ்சினில் மூன்று ஓட்டை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் மூன்று சிலிண்டர். இன்னொன்று பழைய வேகன் ஆர், நான்கு ஓட்டை. மெக்கானிக் அண்ணன் அகலம் அளக்கும் வெர்னியரைத் துடைத்து இரண்டிலும் வைத்துக் காட்டினார். தேய்மானத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கேயும் 68.5 மி.மீ., அங்கேயும் 68.5 மி.மீ. "ரெண்டும் பங்காளி சார். இது மூணு அறை வீடு, அது நாலு அறை வீடு. அவ்வளவுதான்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு சரியாக வருகிறது. 68.5 மி.மீ. அகலமுள்ள ஓட்டையில் பிஸ்டன் 72 மி.மீ. ஏறி இறங்கினால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 265 சிசி. மூன்றால் பெருக்கினால் 796: மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ. நான்கால் பெருக்கினால் 1061: முதல் வேகன் ஆர். ஜிப்ஸி 1985-ல் வந்தபோது அதில் இருந்த 970 சிசி எஞ்சினில் ஓட்டை 65.5 மி.மீ., கொஞ்சம் ஒல்லி. ஆனால் பிஸ்டன் ஏறும் உயரம் அங்கேயும் அதே 72.

இது சுசுகியின் 'எஃப்' குடும்பம். எழுத்துக்கு அடுத்து வரும் எண் நூறு சிசிக் கணக்கு. எஃப்8 என்றால் 800-க்குப் பக்கம், எஃப்10 என்றால் 1000-க்குப் பக்கம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் ஹர்பால் சிங் என்ற டெல்லிக்காரர் முதல் மாருதி 800-இன் சாவியை வாங்கினார். அந்த வண்டியில் இருந்தது எஃப்8பி. 2023-ல் ஆல்ட்டோ 800 நிறுத்தப்பட்டபோது அதில் இருந்தது எஃப்8டி. நடுவில் 40 ஆண்டுகள். கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது, பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) ஒன்றிலிருந்து ஆறு வரை புகை விதிகள் மாறின. சிலிண்டரின் அளவு மட்டும் அசையவில்லை. எப்படி இது முடிந்தது? சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பாகமான பிளாக்கில் கை வைக்காமல், அதன் மேல் மூடி போல உட்காரும் தலையை (ஹெட்) மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். தலையை மட்டும் மாற்ற முடிந்ததற்குக் காரணம், கேம் ஷாஃப்ட் தலையில் இருந்தது.

கேம் ஷாஃப்ட் என்ன செய்கிறது என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒரு கதவு, எரிந்த புகை வெளியே போக ஒரு கதவு. இவைதான் வால்வுகள். இவற்றை நேரம் தவறாமல் திறந்துவிடும் புடைப்புகள் கொண்ட தண்டு கேம் ஷாஃப்ட். மூடும் வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். பிஸ்டன்கள் சுற்றிவிடும் அடித் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று.

இந்தத் தண்டை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. புதுச்சேரி டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஒரு காலத்தில் வரிசை கட்டி நின்ற அம்பாசடரில் அது கீழே, பிளாக்குக்குள் இருந்தது. 1489 சிசி, பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1950-களின் வடிவமைப்பு. பிரீமியர் பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்கு இன்னும் வயது அதிகம். 1937-லேயே ஃபியட் அதை வண்டியில் வைத்துவிட்டது. இரண்டிலும் கேம் கீழே, வால்வு மேலே. நடுவில் புஷ் ராடு என்ற நீளக் கம்பி. கீழ் வீட்டுக்காரர் மாடியில் இருப்பவரை எழுப்ப ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டுகிற மாதிரி. எழுப்பலாம், தப்பில்லை. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தட்ட வேண்டும் என்றால் கம்பியின் எடையே எதிரியாகிவிடும். கம்பி வளையும், துள்ளும். ஸ்பிரிங் இழுத்து மூடுவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். அதனால் அந்த எஞ்சின்கள் ஒரு வேகத்துக்கு மேல் மூச்சு வாங்கின.

கேமையே மாடிக்குக் கொண்டுபோய்விட்டால் கம்பி தேவையில்லை. இதுதான் ஓவர்ஹெட் கேம். கணக்கைப் பாருங்கள்: பத்மினி 1089 சிசியில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கொடுத்தது. மாருதி 800 அதே அளவை, 39.5, வெறும் 796 சிசியில் கொடுத்தது. அதற்கு எஞ்சின் 5500 சுற்று வரை போக வேண்டியிருந்தது. அப்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்குச் சுமார் 46 தடவை திறந்து மூடுகிறது. 'மாருதி எஞ்சின் கத்துது' என்று அந்தக் காலத்து அம்பாசடர் டிரைவர்கள் முகம் சுளித்ததில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கத்துவதுதான் அதன் வேலை.

வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு லாபம் இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை. கேம் மேலே போனதும் பிளாக் வெறும் வீடாகிவிடுகிறது: ஓட்டைகள், தண்ணீர் வழி, கிராங்க். மூச்சு விடுவது சம்பந்தமான அத்தனையும் தலையில். கேம், வால்வை அமுக்கும் ராக்கர் என்ற கை, வால்வு எல்லாம் ஒரே அலுமினிய வார்ப்புக்குள். நாளைக்கு ஆறு வால்வுக்குப் பதில் பன்னிரண்டு வால்வு வேண்டுமா? ஒரு கேமுக்குப் பதில் இரண்டு வேண்டுமா? பிளாக் வார்க்கும் அச்சையும், ஓட்டை போடும் இயந்திர வரிசையையும் தொட வேண்டாம். ஒரு எஞ்சின் தொழிற்சாலையில் பெரிய செலவு அங்கேதான். கேம் பிளாக்குக்குள் இருந்திருந்தால் இந்தச் சுதந்திரம் பாதிகூடக் கிடைத்திருக்காது.

சுசுகிக்கு இது வாய்த்ததற்குப் பின்னால் ஒரு தாமதம் இருக்கிறது என்பது என் எண்ணம். மற்ற நிறுவனங்கள் புஷ் ராடு எஞ்சின்களை வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தபோது சுசுகி கார்களில் ஓடியது டூ-ஸ்ட்ரோக், நம்ம ஊர் ஆர்எக்ஸ் 100 மாதிரி. வால்வே கிடையாது, ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்து எரிந்து நீலப் புகை விடும். 1970-களில் ஜப்பான் புகை விதிகளை இறுக்கியது. 1976-ல் சின்னக் கார்களுக்கான சிசி வரம்பும் 360-லிருந்து 550 ஆனது. கையில் ஃபோர்-ஸ்ட்ரோக் இல்லாமல் 1977-ல் ஃபிரான்டே 7-எஸ் என்ற காருக்குப் போட்டியாளரான டைஹாட்சுவிடமே எஞ்சின் வாங்கிப் போட்டார்கள். கௌரவம் பார்க்கிற நேரமா அது? அதே ஆண்டு எல்ஜே80 என்ற குட்டி ஜீப்பில் சொந்த எஞ்சின் வந்துவிட்டது: எஃப்8ஏ. நான்கு சிலிண்டர், 62 x 66 மி.மீ. (ஓட்டையின் அகலம் x பிஸ்டன் ஏற்றம்), 797 சிசி, கேம் மேலே. காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பழைய புஷ் ராடு எஞ்சின் எதுவும் இல்லாததால் முதல் அடியையே மாடியில் வைத்தார்கள்.

அங்கிருந்து குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. நான்கு சிலிண்டர் கிளையில் ஓட்டையை 65.5 ஆகவும் ஏற்றத்தை 72 ஆகவும் நீட்டி 970 சிசி எஃப்10ஏ வந்தது. நமக்கு அது ஜிப்ஸி. 1990-ல் வந்த மாருதி 1000-க்குள்ளும் அதே 970 சிசிதான். அந்த நீளமான காருக்கு அது போதவில்லை என்று வாங்கியவர்களே சொன்னார்கள். மூன்று சிலிண்டர் கிளையில் 62 x 60 என்ற அளவில் 543 சிசி எஃப்5ஏ, பிறகு நம்ம 796.

மூன்று சிலிண்டரில் ஒரு குறை உண்டு. கிராங்கில் மூன்று கைகளும் 120 டிகிரி இடைவெளியில் நிற்கும். மேலே போகிறவையும் கீழே வருகிறவையும் மொத்தத்தில் சமமாகிவிடும். ஆனால் ஒரு முனை தூக்க, மறுமுனை அமுக்க என்று எஞ்சின் தலையாட்டும். மாருதி 800 நின்றபடி ஓடும்போது கியர் கம்பி நடுங்குமே, அது இதுதான். ஆம்னியில் எஞ்சினை நெடுக்காகத் திருப்பி முன் சீட்டுக்கு அடியில் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டினார்கள். நடுக்கத்தோடு சூடும் சேர்ந்தது. சித்திரை வெயிலில் கடலூரிலிருந்து விருத்தாசலம் வரை ஆம்னி ஓட்டியவருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 543 சிசிக்கு ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1987-ல் ஆல்ட்டோ வொர்க்ஸ் என்ற காரில் அதன் தலையை மாற்றினார்கள். இரண்டு கேம், பன்னிரண்டு வால்வு, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். 7500 சுற்றில் 64 குதிரைத்திறன். அதே குடும்பத்தில் நம்ம 800 இன்ஜெக்ஷன் வந்தபின் 796 சிசியில் 37 கொடுத்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் அங்கே ஏறக்குறைய 118, இங்கே 46. ஒரே வம்சத்தில் ஒருவன் ஓட்டப்பந்தய வீரன், இன்னொருவன் பால்காரன். பால்காரன்தான் நாற்பது வருடம் உழைத்தான்.

நம் ஊரில் தலைமாற்றம் 2000-ஐ ஒட்டி வந்தது. ஆல்ட்டோவில் அதே 68.5 x 72-க்கு மேல் பன்னிரண்டு வால்வுத் தலை உட்கார்ந்தது. கேம் ஒன்றுதான்; ராக்கர்கள் இரு பக்கமும் கை நீட்டி வால்வுகளை அமுக்கும். ஒரு பெரிய கதவை விட இரண்டு சின்னக் கதவுகள் வழியாகக் காற்று அதிகம் வரும். ஒவ்வொன்றும் எடை குறைவு என்பதால் வேகமாகவும் திறந்து மூடலாம். பலன்: 6200 சுற்றில் 46 குதிரைத்திறன். ஆனால் இழுவையைப் பாருங்கள். ஆறு வால்வில் 2500 சுற்றிலேயே 59 நியூட்டன் மீட்டர் கிடைத்தது. பன்னிரண்டில் 62 கிடைக்க 3000 வரை போக வேண்டும். பாரதி சாலை நெரிசலில் மூன்றாவது கியரில் ஊர்கிறவருக்குப் பழைய தலைதான் சுகம்.

கொஞ்ச காலம் 800-க்கும் இந்தப் பன்னிரண்டு வால்வுத் தலையும் ஐந்து கியரும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த வண்டியாக 800 நிற்கட்டும், புதிய தலை ஆல்ட்டோவுக்குப் போகட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 800-இல் ஆறு வால்வுக் கிழவன் 2014 ஜனவரி வரை தாக்குப்பிடித்தான். அதற்கு முன்பே 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ் 4 விதி வந்ததால் அங்கே 800-இன் விற்பனை நின்றது. கடலூரில் அதன்பிறகும் புது 800 வாங்க முடிந்தது.

குடும்பம் வெளியூரிலும் பரவியது. சீனாவில் சாங்கான் நிறுவனம் ஆல்ட்டோவைத் தயாரித்தபோது எஞ்சினுக்கு வைத்த பெயர் 368கியூ. மூன்று சிலிண்டர், 68 மி.மீ. ஓட்டை. 797 சிசி நான்கு சிலிண்டருக்கு 462கியூ, 970 சிசிக்கு 465கியூ. பெயரைக் கேட்டாலே வெர்னியர் வைத்த மாதிரி. எனக்கு ஜப்பான்காரன் வைத்த பெயரை விட இது பிடித்திருக்கிறது. கொரியாவில் டேவூ நிறுவனம் டிகோ என்ற பெயரில் ஆல்ட்டோவின் கொரிய வடிவத்தைச் செய்தது. அந்த எஞ்சினிலிருந்து வளர்ந்ததுதான் மாட்டிஸின் 796 சிசி. 1998-ல் மாட்டிஸ் இந்தியாவுக்கு வந்து மாருதி 800-ஓடு மல்லுக்கட்டியது நினைவிருக்கலாம். பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சரி, மாடியில் கேம் வைத்ததற்கு விலை இல்லையா? இருக்கிறது. அதை நான் கைக்காசு கொடுத்துப் படித்தேன்.

கிராங்கிலிருந்து மாடிக்கு எதையாவது கட்டித்தான் கேமைச் சுற்ற வேண்டும். எஃப் குடும்பத்தில் அது பல் வைத்த ரப்பர் பெல்ட். சத்தம் இல்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் ரப்பருக்கு ஆயுசு உண்டு. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். அது மட்டுமில்லை, அம்பாசடரில் ஹெட்டைக் கழற்றினால் கேம் கீழேயே கிடக்கும், வால்வு திறக்கும் நேரம் (டைமிங்) கலையாது. இங்கே ஹெட்டைத் தூக்க வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். திரும்பப் போடும்போது கேம் புல்லியில் உள்ள மார்க்கும் கிராங்கில் உள்ள மார்க்கும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு பல் தப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், இழுக்காது. அந்த ஒரு பல்லால் பட்டறை பட்டறையாக அலைந்த 800-கள் எத்தனையோ.

அடுத்தது ஹெட். பிளாக் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். சூடானால் அலுமினியம் இரும்பை விடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் இரண்டு பக்கமும் இழுபடும். எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகும் வழியில். போர் தண்ணீர் உப்பு. அப்பா வாங்கிய பழைய 800-இன் ரேடியேட்டரில் வருடக்கணக்காக அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினோம். கூலன்ட் எல்லாம் பணக்காரர் வேலை என்று நினைப்பு. உப்புத் தண்ணீரில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து நின்றால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரிதான். கரைவது அலுமினியம். ஒருநாள் புதுச்சேரி போகும்போது கன்னியகோயில் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் நட்டுக்கொண்டது. கிருமாம்பாக்கத்தில் ஓரங்கட்டி ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது.

பட்டறையில் ஹெட்டைத் திருப்பிப் போட்டார்கள். தண்ணீர் வழிகளின் ஓரம் வெள்ளைப் பொடியாகக் கரையான் அரித்த மாதிரி இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தலை வளைந்திருந்தது. லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் பிடித்து, புது கேஸ்கெட், புது பெல்ட், டேப்பட் செட்டிங் என்று நான்கு நாள் ஆனது. வளைந்த தலையைச் சீவும்போது கேம் ஷாஃப்டும் ஒரு நூலளவு கிராங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதிகம் சீவினால் வால்வு நேரமே கொஞ்சம் தள்ளிப்போகும். புஷ் ராடு எஞ்சினில் இந்தக் கவலை இல்லை. கடற்கரை ஊர்களில் 800 வைத்திருந்தவர்கள் பலருக்கும் இந்த ஃபேசிங் கதை தெரிந்திருக்கும். அதற்காக வடிவமைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கூலன்ட் ஊற்றச் சொல்லிக் கையேட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

எஃப் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் 'ஜி' என்று இன்னொரு குடும்பம் வளர்ந்தது: 1993-ல் ஜென்னின் 993 சிசி, அடுத்த ஆண்டு எஸ்டீமின் 1298 சிசி. முழு அலுமினியம், கேம் மேலேதான். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

எஃப்-ஐ மெல்ல மெல்ல ஓய்வுக்கு அனுப்பியது 2008-ல் ஏ-ஸ்டார் காரோடு வந்த 'கே' குடும்பம். கே10பி: மூன்று சிலிண்டர், 998 சிசி, தலையில் இரண்டு கேம், பிளாக்கும் அலுமினியம், பெல்ட்டுக்குப் பதில் செயின். 1061 சிசி வேகன் ஆர் நான்கு சிலிண்டரில் 64 குதிரைத்திறன் கொடுத்தது. இது மூன்றிலேயே 67. 2010-ல் வேகன் ஆருக்குள்ளும் ஆல்ட்டோ கே10-க்குள்ளும் இதுவே போய் உட்கார்ந்தது.

இங்கே அளவுகளைக் கவனித்தால் ஒரு வேடிக்கை. கே10பி-யின் ஓட்டை 73 மி.மீ., ஏற்றம் 79.5. ரிட்ஸில் வந்த 1197 சிசியில் ஓட்டை அதே 73, ஏற்றம் 71.5. சியாஸின் 1372 சிசியில் ஓட்டை மறுபடி 73, ஏற்றம் 82. எஃப்-இல் நம் ஊர் எஞ்சின்களுக்கு 72 மி.மீ. ஏற்றம் நிலையாக நின்று, சிலிண்டர் எண்ணிக்கையும் தலையும் மாறின. கே-யில் ஓட்டை நிலைத்து, கிராங்க் மாறியது. ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரம் பிளாக் வார்க்கும் வரிசையோடு கட்டிப்போடப்பட்டது. கிராங்கின் வீச்சை மாற்றுவது அதை விடச் சுலபம். அந்தச் சௌகரியத்துக்கும் எல்லை உண்டு: 1462 சிசி வேண்டும் என்றபோது ஓட்டையையும் ஒரு மில்லிமீட்டர் தொட வேண்டியிருந்தது. 74 x 85.

செயின் வந்ததில் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு வருத்தம். பெல்ட் மாற்ற என்று வருகிற வேலை குறைந்துவிட்டது. அதற்குப் பதில் வேறு வகை ஆட்கள் வருகிறார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முன்பக்கம் கலகலவென்று சத்தம் என்பார்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் அது தளரும், செயினும் தேய்ந்து நீளும். முன்னே ரப்பர் பெல்ட்டுக்குக் கொடுத்த காசை இப்போது ஆயிலுக்குக் கொடுத்தாக வேண்டும். அன்று பிரித்துக் கிடந்த ஆம்னிக்கு அவர் புது பெல்ட் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் காலை மீன் ஏலத்துக்கு அது முதுநகர் போக வேண்டும் என்றார்.